மெஹ்தியானாவுக்கு நிலாவையும் கூட்டிப்போகலாமா?

கார்த்தி: டிசம்பரில் எல்லோரும் லூதியானா வருகிறீர்கள், பொற்கோயிலோடு திரும்பிவிட வேண்டாம். ஜக்ராவ் பக்கம் மெஹ்தியானா சாகிப் என்று ஒரு குருத்வாரா, முகலாயர்களோடு நடந்த சம்கௌர் போருக்குப் பிறகு சீக்கியர்களின் பத்தாவது குரு கோவிந்த் சிங் தங்கிய இடம். அங்கே சீக்கிய வரலாற்றையே சிலைகளாகச் செய்து வைத்திருக்கிறார்கள். கட்டாயம் பார்க்க வேண்டும்.

மீனா சித்தி: பத்து குருக்களின் சிலையா தம்பி?

கார்த்தி: இல்லை சித்தி. குருக்களைச் சிலை வைத்துக் கும்பிடும் வழக்கம் அவர்களிடம் இல்லை. இது உயிரைக் கொடுத்தவர்களுக்காக. 1675-இல் தில்லியில் முகலாயர்கள் ஒன்பதாவது குரு தேக் பகதூரைக் கொல்வதற்கு முன் அவர் கூட இருந்த மூவரைக் கொன்றார்கள். மதி தாசை ரம்பத்தால் அறுத்து, தயாளாவைக் கொதிக்கும் அண்டாவில் உட்காரவைத்து, சதி தாசைப் பஞ்சில் சுற்றி எரித்து.

அத்தை: ஐயோ, கேட்கவே முடியவில்லை. சின்னப் பெண் நிலாவும் வருகிறாள், அதைப் பார்த்தால் ராத்திரி தூங்குவாளா? அப்படியே காட்டத்தான் வேண்டுமா?

கார்த்தி: அத்தை, இங்கே தினமும் அர்தாஸ் என்று பிரார்த்தனை சொல்கிறார்கள். கணுக்கணுவாக வெட்டப்பட்டவர்கள், மண்டைத்தோல் உரிக்கப்பட்டவர்கள், சக்கரத்தில் ஏற்றப்பட்டவர்கள், ரம்பத்தால் அறுபட்டவர்கள், அவர்களையெல்லாம் நினைத்து வாஹேகுரு என்று கடவுள் பெயரைச் சொல்லுங்கள் என்று அதில் வருகிறது. குழந்தைகளும் கூடவே நின்று கேட்கிறார்கள். தினமும் காதில் விழுவதுதான் அங்கே சிலையாக நிற்கிறது. கணுக்கணுவாக வெட்டப்பட்டவர் மணி சிங். மண்டைத்தோல் உரிக்கப்பட்டவர் தாரு சிங், 1745, லாகூர், முடியை வெட்டச் சம்மதிக்கவில்லை. அதை மறைத்து அழகாகச் செய்திருந்தால் அந்தப் பிரார்த்தனையே பொய்யாகிவிடும் என்று நினைக்கிறேன்.

சித்தப்பா: சரியாகச் சொன்னாய் கார்த்தி. பட்டாளத்தில் எங்கள் பக்கத்து யூனிட் சீக்கியர்கள், அர்தாஸ் முடிந்து ஒருவர் ‘போலே சோ நிஹால்’ என்றதும் மொத்தப் பேரும் ‘சத் ஸ்ரீ அகால்’ என்பார்கள் பார், உடம்பு சிலிர்க்கும். நான் வருகிறேன். லாகூர் ஆளுநர் மீர் மன்னுவின் சிறையில் இருந்த சீக்கியத் தாய்மார்களின் சிலை உண்டா?

கார்த்தி: உண்டு சித்தப்பா. பிள்ளைகளைக் கொன்று துண்டுகளை மாலையாகத் தாய்களின் கழுத்தில் போட்ட கதை. அந்த இடத்தில் நிலாவை நிறுத்த எனக்கும் மனமில்லை.

அத்தை: பிறகு?

கார்த்தி: பெரியவர்கள் மட்டும் மெஹ்தியானா. நிலாவுக்கு ஃபதேகர் சாகிப். குரு கோவிந்த் சிங்கின் சின்னப் பிள்ளைகள் இருவரையும் உயிரோடு சுவர் எழுப்பி மூடிய இடம், மூத்தவன் ஜோராவருக்கு ஒன்பது வயதுதான் என்கிறார்கள், அவள் வயது. நானே உட்காரவைத்துச் சொல்கிறேன். டிசம்பர் கடைசி வாரத்தில் அங்கே ஷஹீதி சபா என்று அவர்கள் நினைவு நாள் கூட்டம், ஜனம் நெரியும், அதற்கு முன்பே போய்விடலாம்.

அத்தை: சரிப்பா, நீயே சொல், நிதானமாகச் சொல். தலையை மூட எல்லோருக்கும் துணி எடுத்துவைக்கிறேன். வண்டிக்கு இப்போதே சொல்லிவிடு.