கல்யாண மண்டப சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன்: காற்று குறைவு, ராத்திரியில் "ம்ம்ம்" சத்தம். உதவி வேணும்

கோவை_பட்டறை:

வணக்கமுங்க. கோயமுத்தூர்ல சின்னதா ஃபேப்ரிகேஷன் பட்டறை வெச்சிருக்கேன். ஒரு கல்யாண மண்டபத்துச் சமையலறைக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் நானே டிசைன் பண்ணி மொட்டை மாடியில மாட்டியிருக்கேன். பின்னோக்கி வளைஞ்ச பிளேடு, சென்ட்ரிஃபியூகல் (நடுவுல காற்றை உறிஞ்சி ஓரத்துல வீசற வகை). இம்பெல்லர் (பிளேடு பொருத்தின சுழல் சக்கரம்) விட்டம் 700 மில்லிமீட்டர், பிளேடு 12. 5 ஹெச்.பி. மோட்டார், பெல்ட் டிரைவ், ஃபேன் வேகம் 960 ஆர்.பி.எம்.

தேவைப்பட்டது 4500 சி.எஃப்.எம். (நிமிஷத்துக்கு இத்தனை கன அடி காற்று). அடுப்புக்கு மேல இருக்கற ஹூட்டுல அனிமோமீட்டர் (காற்று வேகம் அளக்கற கருவி) வெச்சு அளந்தா 4200தான் வருது. ஃபேன் வாயில 45 மில்லிமீட்டர் தண்ணி அழுத்தம், மீட்டர்ல 2.9 கிலோவாட்.

காற்றைவிடப் பெரிய பிரச்சினை சத்தம். பக்கத்து வீட்டுச் சுவர்கிட்ட ராத்திரி 56 டெசிபெல் காட்டுது. காலையில முகூர்த்தம்னா சமையல் 3 மணிக்கே ஆரம்பிக்கும். குடியிருப்புப் பகுதியில ராத்திரி 10ல இருந்து காலை 6 வரை 45 டெசிபெல்தான் வரம்புன்னு 2000ஆம் வருஷத்து ஒலி விதிகள்ல இருக்கு. பக்கத்து வீட்டுல கைக்குழந்தை இருக்குதுங்க. அவங்க சண்டைக்கு வரலை, ரெண்டு தடவை வந்து நின்னு சொல்லிட்டுப் போனாங்க. அதுதான் எனக்கு மனசு கேக்கலை.

மண்டபத்துக்காரர் கிளாஸ் வுல் (கண்ணாடி இழைப் பஞ்சு) வெச்ச சைலன்சர் போட்டுடுங்கன்னு சொல்றார். போடலாமா?

காற்றுவழி:

சைலன்சரை இப்போதைக்கு மறந்துடுங்க. சமையலறைப் புகையில எண்ணெய் இருக்கு. அது கிளாஸ் வுல்லுக்குள்ள ஊறி ஊறி ஒருநாள் தீப்பிடிக்கிற சாமானா ஆயிடும். சத்தத்துக்குப் பயந்து நெருப்பை வாங்கி மாடியில வெக்க வேண்டாம்.

ஒரு கணக்குப் பார்ப்போம். 4200 சி.எஃப்.எம். என்பது விநாடிக்கு 1.98 கன மீட்டர். 45 மில்லிமீட்டர் தண்ணி என்பது சுமார் 441 பாஸ்கல். ரெண்டையும் பெருக்கினா காற்றுக்குப் போய்ச் சேர்ந்தது 870 வாட் சொச்சம். நீங்க வாங்கற கரண்ட் 2900 வாட். நூற்றுக்கு முப்பதுதான் வேலைக்கு ஆகுது. மோட்டார், பெல்ட் இழப்பெல்லாம் கழிச்சுப் பார்த்தாலும் இந்த வகை ஃபேனுக்கு இது ரொம்பக் குறைச்சல். மிச்சம் எங்க போகுதுன்னா, உள்ளே காற்று சுழன்று, மோதி, சூடாப் போகுது. சத்தமா வெளியே வர சக்தி ஒரு வாட்கூட இருக்காது. ஆனா அந்தச் சத்தத்தையும் பெத்தது அதே கலக்கம்தான். அதனால ரெண்டு பிரச்சினைன்னு பார்க்காதீங்க, ஒண்ணுதான்.

போன்ல ஸ்பெக்ட்ரம் காட்டற செயலி ஒண்ணை இறக்கி, எந்த ஹெர்ட்ஸ்ல ஊசி மாதிரி எழும்புதுன்னு பாருங்க. என் ஊகம் 192. பிளேடு 12, விநாடிக்கு 16 சுற்று.

கோவை_பட்டறை:

அப்படியே 192 பக்கத்துலதான் எழும்புதுங்க! அதுக்கு ரெண்டு மடங்குல இன்னொரு சின்ன முள்ளும் இருக்கு.

காற்றுவழி:

அப்போ ஒவ்வொரு பிளேடும் எதையோ கடக்கும்போது காற்றை அடிச்சுட்டுப் போகுது. கேசிங் நாக்குக்கும் (காற்று வெளியேறற இடத்துல ஃபேன் கூட்டுல துருத்தி நிக்கிற விளிம்பு) இம்பெல்லருக்கும் இடைவெளி எவ்வளவு? இன்லெட் கோன் (காற்றை உள்ளே வழிநடத்தற புனல்) இம்பெல்லர் வாய்க்குள்ள போகுதா, வெளியிலேயே நிக்குதா? ஃபேனுக்கு முன்னாடி டக்ட் (காற்றுக் குழாய்) எப்படி வருது? படம் இருந்தா போடுங்க.

மாடிவீடு:

நடுவுல வரதுக்கு மன்னிக்கணும். எனக்கு ஃபேன் பத்தித் தெரியாது. எங்க வீட்டுப் பக்கத்துலயும் இப்படி ஒரு எக்ஸாஸ்ட் இருந்தது. சத்தம் பெருசில்லை, மீட்டர்ல கம்மியாத்தான் காட்டுதுன்னு வந்தவங்க எல்லாரும் சொன்னாங்க. ஆனா தலையணையில காதை வெச்சாலும் கேக்கும், ஜன்னலைச் சாத்தினாலும் கேக்கும். ஒரு வருஷம் சரியாத் தூங்கலை. மீட்டரை மட்டும் பார்த்து முடிவு பண்ணிடாதீங்க தம்பி.

காற்றுவழி:

அக்கா சொல்றதுல முழு நியாயம் இருக்கு. மீட்டர்ல ஏ வெயிட்டிங் வெச்சுதான் அளக்கறோம். அது தாழ்ந்த சத்தத்தைக் கழிச்சுக் காட்டும். 200 ஹெர்ட்ஸ் பக்கத்துல கிட்டத்தட்ட 11 டெசிபெல் கழியும். அதுவும் ஒரே ஸ்வரத்துல நிற்கிற சத்தம், பரவலா வர்ற இரைச்சலைவிட மனுஷனை அதிகம் வாட்டும். எண்ணோட சேர்த்து அந்த 192ஆம் முள்ளும் அடங்கினாத்தான் வேலை முடிஞ்சதுன்னு அர்த்தம்.

கோவை_பட்டறை:

படம் போட்டிருக்கேன். நாக்கு இடைவெளி 18 மில்லிமீட்டர். காற்று திரும்ப உள்ளே சுத்தக் கூடாதுன்னு வேணும்னேதான் கிட்டக்க வெச்சேன். கோன் இம்பெல்லர் வாய்க்கு வெளியிலேயே நிக்குது, சுத்தி ஒரு 15 மில்லிமீட்டர் சந்து. மாடியில இடம் இல்லாததால 90 டிகிரி எல்போ போட்டு நேரா ஃபேன் வாயில இறக்கிட்டேன். நடுவுல நெருப்புத் தாங்கற துணி கனெக்டர்.

ரிட்டயர்டு_மில்காரன்:

தம்பி, நான் ஸ்பின்னிங் மில்லுல ஹியூமிடிஃபிகேஷன் (காற்றுல ஈரப்பதம் காக்கற) பிளாண்டைப் பல வருஷம் பார்த்தவன். உங்க மூணாவது படத்தைப் பெருசு பண்ணிப் பாருங்க. துணி உள்ளே உறிஞ்சி, இடுப்பு மாதிரி ஒட்டிக் கிடக்கு. ஓடும்போது ஃபேன் வாயில கால்வாசி அடைபட்டிருக்கும். துணியை இழுத்துக் கட்டணும், ரெண்டு பக்க ஃபிளாஞ்சும் ஒரே நேர்கோட்டுல இருக்கணும்.

அடுத்தது எல்போ. வளைவில திரும்பற காற்று ஒரு பக்கமா ஒதுங்கிச் சுழன்று வரும். இம்பெல்லர் சுத்தற திசையிலேயே சுழன்றா ஃபேன் காற்றைத் தள்ளாது. எதிர்த் திசையில சுழன்றா மோட்டார் கூடுதலா இழுக்கும். ரெண்டுலயும் சத்தம் வரும். உங்களுக்குக் கரண்ட் கூட இழுக்கறதைப் பார்த்தா ரெண்டாவது வகைன்னு தோணுது. வாய்க்கு முன்னாடி டக்ட் விட்டத்துக்கு மூணு பங்கு நீளம் நேர்க்குழாய் கிடைச்சா அருமை. எல்போவுக்குள்ள தகடு வெச்சுக் காற்றைத் திருப்பறது எங்க மில்லுல சரி, உங்க சமையலறைக்கு ஆகாது. எண்ணெய் எல்லாம் தகட்டுலயே படியும். ஃபேனைத் திருப்பி வெச்சாவது நேர்நீளம் எடுங்க, எல்போவையும் பெரிய வளைவா மாத்துங்க.

எங்க காலத்துல மில் ஆக்சியல் ஃபேன்ல (காற்றை அச்சுப் போக்கிலேயே நேராத் தள்ளற வகை) அலுமினிய வார்ப்பு பிளேடை எடுத்துட்டு எஃப்.ஆர்.பி. (இழை சேர்த்த பிளாஸ்டிக்) பிளேடு போட்டாங்க. பிளேடோட வடிவம் விமான இறக்கை மாதிரி ஏரோஃபாயில், எடையும் குறைவு. அதே காற்றுக்குக் கரண்ட் குறைஞ்சது, பேரிங்கும் கூடுதல் நாள் வந்தது. அதை எதுக்குச் சொல்றேன்னா, பிளேடை மாத்தறதுக்கு முன்னாடி வாயைச் சரி பண்ணாத இடத்துல அந்த லாபம் முழுசா வரவே இல்லை. நான் கண்ணால பார்த்தது.

ஏரோ_மாணவி:

வணக்கம். எம்.டெக். பண்றேன், ஃபேன் ஏரோ அகூஸ்டிக்ஸ்தான் (காற்றோட்டம் கிளப்பற சத்தம் பத்தின படிப்பு) ப்ராஜெக்ட். ஆந்தை இறக்கையோட முன்விளிம்புல சீப்புப் பல் மாதிரி இருக்கும், பின்விளிம்புல மெல்லிய குஞ்சம். அதைப் பார்த்து விளிம்பில பல் வெட்டின பிளேடுகள் இப்போ விற்பனைக்கே வந்திருக்கு. பிளேடுகளைச் சம இடைவெளி இல்லாம வெச்சா ஒரே ஸ்வரம் சிதறிப்போகும். அண்ணா இம்பெல்லரையே 11 பிளேடுல புதுசாப் பண்ணினா என்ன?

காற்றுவழி:

நல்ல யோசனைகள், ஆனா இந்த வீட்டுக்கு இப்போ வேண்டாம்மா. எண்ணெய்ப் புகையில பல் வெட்டின விளிம்பு கொஞ்ச நாள்ல அடைஞ்சுடும். சமமில்லாத இடைவெளியில சக்கரத்தைச் சமன்படுத்த நல்ல பாலன்சிங் மெஷின் வேணும். 11 பிளேடுக்கு மாறினா ஸ்வரம் 192ல இருந்து 176க்கு நகரும், அவ்வளவுதான். பிளேடு எண்ணிக்கைப் பொருத்தம் ரொம்ப முக்கியமாகறது, ஆக்சியல் ஃபேன்ல நிலையா நிக்கிற வழிகாட்டித் தகடுகள் இருக்கும்போது. இங்க அடி வாங்கறது ஒரே ஒரு நாக்கு.

பட்டறைக்காரரே, நாக்கைத் தள்ளி வைங்க. இம்பெல்லர் விட்டத்தில 5ல இருந்து 10 சதவீதம் சாதாரணமாக வைக்கிற இடைவெளி. உங்களது 3 சதவீதத்துக்கும் குறைவு. 50 மில்லிமீட்டர் வைங்க. கூர்மையான விளிம்பை அப்படியே விடாம, அரைக் குழாய் ஒண்ணைப் பற்றவெச்சு மழுக்கிடுங்க. அழுத்தம் துளி குறையும், சத்தம் நிறையக் குறையும்.

கோன் விஷயம்தான் எல்லாத்திலும் முக்கியம். அது இம்பெல்லர் வாய்க்குள்ள கொஞ்சம் நுழையணும். சந்து இம்பெல்லர் விட்டத்தில 1 சதவீதத்துக்குள்ள இருக்கணும், 5 மில்லிமீட்டர் கிடைச்சா நல்லது. இப்போ தள்ளின காற்றுல ஒரு பங்கு அந்தச் சந்து வழியா வாய்க்கே திரும்பி வருது. நாக்குப் பக்கம் திரும்பக் கூடாதுன்னு நினைச்சீங்க, அது கோன் பக்கம் திரும்பிடுச்சு.

நாக்கு, கோன், மில்காரர் சொன்ன வாய்ப்பக்க வேலை, இந்த மூணும் முடிஞ்ச பிறகு அளங்க. காற்று மிஞ்சினா டாம்பரை (குழாயில காற்றை மட்டுப்படுத்தற தகடு) மூடாதீங்க, புல்லியை மாத்தி வேகத்தைக் குறைங்க. காற்று வேகத்தோட ஒத்துக் குறையும், கரண்ட் வேகத்தோட மூணாம் அடுக்குல குறையும், வேகம் பாதியானா கரண்ட் எட்டுல ஒரு பங்காயிடும். சத்தம், வேகம் பாதியானா சுமார் 15 டெசிபெல் இறங்கும்.

கோவை_பட்டறை:

பன்னெண்டு நாள் ஆச்சுங்க, இப்பத்தான் எழுத முடிஞ்சது. ஃபேனை 90 டிகிரி திருப்பி வெச்சு 1.5 மீட்டர் நேர்நீளம் எடுத்தேன். புது கோன், புது நாக்கு, துணி இழுத்துக் கட்டினது. அதே 960ல 4900 சி.எஃப்.எம்., கரண்ட் 2.5 கிலோவாட். காற்று கூடி, கரண்ட் குறைஞ்சதை நம்ப முடியாம மூணு தடவை அளந்தேன். பக்கத்துச் சுவர்ல 50 டெசிபெல். புல்லி மாத்தி 885க்குக் கொண்டுவந்ததும் 4500 சி.எஃப்.எம்., 2 கிலோவாட், 48 டெசிபெல். அந்த முள் இப்போ 177ல குட்டையா நிக்குது.

45க்கு இன்னும் 3 பாக்கி. சமையல்காரர்கிட்டக் கேட்டேன். 3 மணிக்குச் சாம்பாரும் இட்லியும்தான், எண்ணெய்ச் சட்டி 6 மணிக்கு மேலன்னார். அதனால மோட்டாருக்குப் போற கரண்ட்டோட ஹெர்ட்ஸை மாத்தி வேகத்தைக் குறைக்கற வி.எஃப்.டி. டிரைவ் வாங்கி, ராத்திரிக்கு வழக்கமான 50க்குப் பதிலா 35 ஹெர்ட்ஸ் வெச்சேன். ஹூட் ஓரத்துல சாம்பிராணி போட்டுப் பார்த்தோம், புகை வெளிய சிந்தாம மேல போகுது. மாடியில சத்தம் நல்லாக் குறைஞ்சது. ஆனா கீழே மணமகள் அறையில புதுசா ஒரு அதிர்வு. கூரையே உறுமுது. 50 ஹெர்ட்ஸ்ல இது இல்லைங்க.

ரிட்டயர்டு_மில்காரன்:

ஃபேன் எதுமேல உக்காந்திருக்கு?

கோவை_பட்டறை:

ஆங்கிள் ஃபிரேம், அதுக்குக் கீழ ரப்பர் பேட். எடை ஏத்தினப்போ 3 மில்லிமீட்டர் அமுங்குச்சு.

ரிட்டயர்டு_மில்காரன்:

அதான் விஷயம். 15.8ஐ அமுங்கின மில்லிமீட்டரோட வர்க்கமூலத்தால வகுத்தா அந்தத் தாங்கியோட இயல்பான அதிர்வெண் வரும். 3 மில்லிமீட்டருக்கு 9.1 ஹெர்ட்ஸ். 35 ஹெர்ட்ஸ்ல உங்க ஃபேன் 620 சுற்று, அதாவது விநாடிக்கு 10.3. ஊஞ்சலை அது வர்ற நேரத்துக்கே தள்ளற மாதிரி இருக்கு. பழைய 16 சுற்றுல இது தள்ளி இருந்ததால தெரியலை. 25 மில்லிமீட்டர் அமுங்கற ஸ்பிரிங் போடுங்க, 3.2 ஹெர்ட்ஸுக்கு இறங்கிடும். அடியில கனமான சேனல் ஃபிரேம் வைங்க, இல்லைன்னா ஸ்டார்ட் ஆகும்போது ஆடும். இம்பெல்லரையும் கழுவி ஒரு தடவை பாலன்ஸ் பார்த்துடுங்க, எண்ணெய் ஒரு பக்கமா படிஞ்சிருந்தா அதுவே ஆட்டும்.

காற்றுவழி:

வி.எஃப்.டி. கீச்சுன்னு மெல்லிசா கத்தினா அதோட கேரியர் அதிர்வெண்ணை (டிரைவ் உள்ளே கரண்ட்டை வெட்டி வெட்டி அனுப்பற வேகம்) ஏத்திப் பாருங்க. டிரைவ் கொஞ்சம் சூடாகும், காற்றோட்டமான இடத்துல வைங்க.

கோவை_பட்டறை:

ஸ்பிரிங் போட்டாச்சுங்க. இம்பெல்லர்ல ஒரு பக்கம் விரல் தடிமனுக்கு எண்ணெய் இருந்தது, சுரண்டி எடுத்தேன். மணமகள் அறையில நேத்து ராத்திரி கையைச் சுவர்ல வெச்சு நின்னேன், ஒண்ணும் இல்லை. பக்கத்துச் சுவர்ல 43 டெசிபெல். ஃபேனை நிறுத்திட்டு அளந்தா 40.

பக்கத்து வீட்டம்மாகிட்ட மூணு நாள் முகூர்த்தம் இருக்கு, சத்தம் கேட்டா எந்த நேரமானாலும் கூப்பிடுங்கன்னு நம்பர் கொடுத்திருக்கேன். ரெண்டு நாள் போயிடுச்சு, போன் வரலை. நாளைக்குக் காலையில முடிஞ்சதும் நேர்ல போய்க் கேட்டுட்டு இங்க எழுதறேன்.