புதுப்பிப்பு: லீ என்ஃபீல்டு பித்தளை எண்ணெய்க் குப்பியின் மூடி திறந்துவிட்டது

யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி. நாகர்கோவில் பழைய சாமான் கடையில் வாங்கிய, லீ என்ஃபீல்டு என்ற பழைய பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கிக்கான எண்ணெய்க் குப்பியின் மூடி, உப்புக்காற்றில் களிம்பேறி இறுகிவிட்டதென்று கேட்டிருந்தேன். தேங்காயெண்ணெய் உதவவில்லை, பிசுக்குதான் மிச்சம். தக்கலை அண்ணன் சொன்னதுதான் பலித்தது: இரவு முழுக்க மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நன்றாகத் துடைத்து, மூடியை மட்டும் வெந்நீரில் காட்டி, பழைய சைக்கிள் டியூபைச் சுற்றித் திருகுவது. குறடு போட்டிருந்தால் சொரசொரப்பான விளிம்பு போயிருக்கும்.

எதிர்பாராதது, எண்ணெயைத் தொட்டு எடுக்க மூடியோடு வரும் குட்டிக் கரண்டி முழுசாக இருக்கிறது. தோல் வாஷர்தான் அப்பளமாக நொறுங்கியது. செருப்பு தைப்பவரிடம் புதிதாக வெட்டி வாங்கினேன். புளி போட்டுத் தேய்க்கவில்லை, அந்தப் பழுப்பு நிறம் இருக்கட்டும்.

அப்புறம், துப்பாக்கியும் உண்டா என்று கேட்டவர்களுக்கு: அதன் குண்டளவான .303 நம் நாட்டில் தடைசெய்யப்பட்ட ரகம். துப்பாக்கியின் அடிக்கட்டைக்குள் வைக்கும் இந்தக் குப்பி, தோள்வார் மாதிரிச் சாமான்களோடு சரி.