இ1 லைனில் சிஆர்சி-4 பிழை: எந்தப் பகுதியில் தேடுவது?

வணக்கம் நண்பர்களே. ஒரு மருத்துவமனையின் இபிஏபிஎக்ஸுக்கு (உள் தொலைபேசி இணைப்பகம்) வரும் இ1 பிஆர்ஐ லைனில், அதாவது பல அழைப்புகளை ஒன்றாகக் கொண்டுவரும் டிஜிட்டல் லைனில், சிஆர்சி-4 பிழை (வழியில் பிட் கெட்டதைக் காட்டும் சரிபார்ப்பு) விடாமல் ஏறுகிறது. பேசும்போது குரல் வெட்டுகிறது, ஃபேக்ஸ் பாதியில் அறுந்துவிடுகிறது. அவசரப் பிரிவின் எண்ணும் இதில்தான் வருகிறது, அதுதான் பெரிய கவலை.

எச்டிபி3 (பிட்களைப் பல்ஸாக மாற்றும் முறை), சிஆர்சி-4 அமைப்பு இருபுறமும் ஒன்றுதான். கிளாக் லைனிலிருந்தே எடுக்கிறோம், ஸ்லிப் (கிளாக் பொருந்தாமல் ஃபிரேம் தவறுவது) இல்லை. கார்டில் லூப் பிளக் (அனுப்புவதை அப்படியே திருப்பிவிடும் பிளக்) போட்டால் சுத்தமாக ஓடுகிறது. எதிர்முனையிலிருந்து ஈ-பிட் பிழை (நாம் அனுப்பியதில் சிஆர்சி பிழை கண்டால் அது திருப்பிச் சொல்வது) எதுவும் வரவில்லை. ஆக, நாம் அனுப்புவது நல்லபடியாகப் போய்ச் சேருகிறது. வரும் திசை மட்டும்தான் கெடுகிறது.

குழப்பம் இங்கேதான்: கோட் வயலேஷன் (எச்டிபி3 பல்ஸ் விதி மீறல்) பூஜ்யம். நடுவில் ஃபைபர் மக்ஸ் (பல லைன்களை ஒரே ஃபைபரில் சேர்த்து அனுப்பும் கருவி) இருக்கிறது. அது எச்டிபி3-ஐப் புதிதாக உருவாக்கி அனுப்புவதால், அதற்கு முன்னால் கெட்ட பிட்டும் நம்மிடம் ஒழுங்கான பல்ஸாகவே வரும். சிஆர்சி மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். சேவை நிறுவனமோ “எங்க பக்கம் சரியா இருக்கு” என்கிறது.

மக்ஸில் விசி-12 பிஐபி-2 கவுண்டரை (இருமுனை மக்ஸுகளுக்கும் இடையே கெடும் பிட்டைக் காட்டுவது) கேட்கலாம் என்றிருக்கிறேன். அது ஏறாவிட்டால், எக்ஸ்சேஞ்சுக்கும் அங்குள்ள மக்ஸுக்கும் இடைப்பட்ட கேபிளைச் சந்தேகிப்பது சரிதானா? அப்புறம், லைனை நிறுத்தாமல் இதை உறுதிசெய்ய வழி இருக்கிறதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.