நீதிபதியின் அறையில் எட்டு வாரம்: நம் சட்ட மாணவர்களுக்கு வேண்டுமா?

வெள்ளவத்தை மாணவி:
அமெரிக்காவில் சட்ட மாணவர்கள் கோடை விடுமுறையில் எட்டுப் பத்து வாரம் ஒரு நீதிபதியிடம் வேலை பழகுகிறார்கள். இரு தரப்புச் சமர்ப்பணங்களையும் வாசித்து, முந்தைய தீர்ப்புகளைத் தேடி, நீதிபதிக்குக் குறிப்பு எழுதிக் கொடுக்கிறார்கள். கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையிலும் அப்படி ஒரு பயிற்சி வேண்டும். பின்வாங்கில் இருந்து வழக்குப் பார்ப்பதோடு எங்கள் அனுபவம் முடிந்துவிடுகிறது. தீர்ப்பு எப்படி உருவாகிறது என்று பார்க்காமலே சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் செய்கிறோம்.

புதுக்கடை சட்டத்தரணி:
தங்கச்சி, சட்டக் கல்லூரி மாணவர் ஒரு சட்டத்தரணியிடம் ஆறு மாதம் பயிற்சி எடுத்தே ஆக வேண்டும். சத்தியக்கடதாசி வரைவது, வழக்கேட்டைத் தேடி எடுத்துப் பார்ப்பது, கட்சிக்காரரிடம் விசயத்தைக் கேட்டு வாங்குவது எல்லாம் அங்கேதான் பிடிபடும். நீதிபதியின் அறையில் இருந்த பிள்ளை நாளைக்கே ஒரு சிரேஷ்ட சட்டத்தரணியிடம் ஜூனியராகப் போகும். கொழும்பில் எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள். தீர்ப்பு வரமுன் ஒரு வரி வெளியே போனால் அந்த வழக்கின் கதி என்ன?

வெள்ளவத்தை மாணவி:
ரகசியம் காக்க எழுதி வாங்கலாம் அண்ணா. உறவினர் ஆஜராகும் வழக்கைத் தொடவே விடக்கூடாது. ஆறு மாதப் பயிற்சி ஒரு பக்கத்துக்காக வாதாடத்தான் பழக்கும், இரண்டு பக்கத்தையும் நிறுத்துப் பார்க்கப் பழக்காது. 2020இல் இலங்கை அரசியலமைப்பின் 20ஆம் திருத்தம், நாட்டின் அதியுயர் மன்றமான உயர் நீதிமன்றத்தின் நீதிபதிகளை 11இலிருந்து 17 ஆக்கியது. அப்படியிருந்தும், இரண்டு மாதத்தில் முடிக்கும்படி அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை சொல்லும் அடிப்படை உரிமை மனுக்கள் அங்கே வருடக்கணக்கில் இழுபடுகின்றன. தேடிக் கொடுக்க ஆள் இருந்தால் உதவிதானே?

மட்டக்களப்பு மாணவன்:
அக்கா, அமெரிக்காவிலும் இந்தப் பயிற்சிக்குப் பெரும்பாலும் சம்பளம் இல்லை. கொழும்பில் வீடு இருக்கிறவர் வருவார். எனக்கு எட்டு வாரப் போர்டிங் காசை யார் தருவது?

இன்னொன்று. போன மாதம் கொழும்பில் ஒரு நீதவான் நீதிமன்றத்தில் இருந்தேன். தமிழ் மட்டும் தெரிந்த ஒரு அம்மாவின் வழக்குக்குச் சிங்களத்தில் தவணை சொல்லி, அடுத்த பெயரையும் கூப்பிட்டுவிட்டார்கள். அவர் வெளியே வந்து, கையில் இருந்த துண்டை என்னிடம் நீட்டி, "எப்ப தம்பி வரச் சொன்னவை?" என்று கேட்டார். நீதிமன்ற மொழி தெரியாதவருக்கு அரசு உரைபெயர்ப்பு தர வேண்டும் என்று அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரையில் இருக்கிறது. மாணவர்களை முதலில் நீதவான் நீதிமன்றங்களுக்கு அனுப்புங்கள். உயர் நீதிமன்றம் அப்புறம் பார்க்கலாம்.

புதுக்கடை சட்டத்தரணி:
காசு விசயத்தில் தம்பி சொல்வது சரி. ஆனால் உரைபெயர்ப்பு அரசின் கடமை. சம்பளம் இல்லாத மாணவர் தலையில் அதைக் கட்டினால், உரைபெயர்ப்பாளர் வெற்றிடங்களை நிரப்பாமல் இருக்க ஒரு சாட்டு கிடைத்துவிடும். அதோடு ஆகஸ்ட் விடுமுறையில் உயர் நீதிமன்றமும் மேன்முறையீட்டு நீதிமன்றமும் வழமைபோல் இயங்காது. பிள்ளைகள் வந்து எதைப் பார்ப்பது?

வெள்ளவத்தை மாணவி:
அப்படியென்றால் நீதிமன்றம் நடக்கும் தவணைக் காலத்திலேயே வாரத்தில் இரண்டு நாள் வைக்கலாம். பல்கலைக்கழகம் அதற்குப் புள்ளி தரட்டும், வெளியூர்ப் பிள்ளைகளுக்கு விடுதியும் படிக்காசும் கொடுக்கட்டும். நீதவான் நீதிமன்றத்தில் தொடங்கவும் எனக்குச் சம்மதம். ஆனால் நீதிபதியின் அறைக் கதவு மாணவருக்குத் திறக்கவே கூடாது என்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன் அண்ணா.

புதுக்கடை சட்டத்தரணி:
முடிந்த வழக்குகளின் ஏடுகளோடு தொடங்குங்கள், நானும் ஆதரிக்கிறேன். தீர்ப்புக்காக நிற்கும் வழக்கு என்றால் என் பதில் இப்போதும் இல்லைதான்.