கொடை வாணவேடிக்கை படமெல்லாம் வெள்ளைக் கட்டியாக வருகிறது, எங்கே தப்பு?

வரப்புக்காரன்:
சேரன்மாதேவி பக்கம் எங்கள் ஊர். ஆடிச் செவ்வாய் அம்மன் கோயில் கொடை, அதாவது திருவிழா. நடுச்சாமப் பூசையான சாமக்கொடை முடிந்ததும் வாணம் விடுவார்கள். போன வருஷம் கேனான் 1500டி கேமரா, கூடவே வந்த 18-55 லென்ஸ், ஸ்டாண்டு எல்லாம் வைத்துத்தான் எடுத்தேன். ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன்) 1600, அபர்ச்சர் (லென்ஸ் துளை) 3.5, ஷட்டர் (திறந்திருக்கும் நேரம்) 4 நொடி. சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை. நடுவில் வெள்ளைக் கட்டி, சுற்றிலும் புகை. சரி, வெளிச்சம் கூடிவிட்டது என்று ஷட்டரை 1/30 ஆக்கினேன். பூ விரியாமல் வெறும் புள்ளியாக வந்தது, அதுவும் வெள்ளைதான். பாதி நேரம் பொத்தானை அமுக்கினாலும் எடுக்கவில்லை. லென்ஸ் கிர்ர் கிர்ரென்று முன்னும் பின்னும் போய்க்கொண்டே இருந்தது.

பொருநைக்கரை:
ஷட்டரைக் குறை சொல்லாதீர்கள் தம்பி. ஓடுகிற தீப்பொறி சென்சாரில் ஓரிடத்தில் நிற்பதே இல்லை. 2 நொடி திறந்தாலும் 6 நொடி திறந்தாலும் கோடு நீளுமே தவிர, அதன் வெளிச்சம் கூடாது. அதை அடக்குவது அபர்ச்சரும் ஐஎஸ்ஓவும்தான். ஐஎஸ்ஓ 100, அபர்ச்சர் எஃப் 11 வையுங்கள்; எண் கூடினால் துளை சிறுக்கும். உங்கள் அளவுக்கும் இதற்கும் ஏழு ஸ்டாப் வித்தியாசம்; ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு. நூறு மடங்குக்கு மேல் வெளிச்சத்தை உள்ளே விட்டுவிட்டுக் கலரைத் தேடினால் எப்படி?

எல்லா அளவையும் நாமே வைக்கும் எம் மோடில் 30 நொடியையும் தாண்டித் திருப்பினால் பல்ப் வரும்; பொத்தானை அமுக்கியிருக்கும் வரை ஷட்டர் திறந்திருக்கும். குழாயிலிருந்து வாணம் கிளம்பும் சத்தம் கேட்டதும் அமுக்கி, பூ வாடியதும் விடுங்கள். கையால் பிடித்தால் ஆடும், வயர் ரிமோட் வாங்கிக்கொள்ளுங்கள். விலை அதிகமில்லை.

கிர்ர் சத்தம் ஆட்டோ ஃபோகஸ் இருட்டில் தடவுவது. கோயில் வாசலில் சீரியல் பல்பில் அம்மன் கட்-அவுட் நிறுத்தியிருப்பார்களே, தூரத்தில் நின்று அதில் ஃபோகஸ் பிடியுங்கள். பிறகு லென்ஸ் பக்கவாட்டில் உள்ள சுவிட்சை எம்எஃப்-க்கு (கையால் ஃபோகஸ்) தள்ளிவிட்டு, அதோடு ஜூமைத் தொடவே தொடாதீர்கள். லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷனையும் அணைத்துவிடுங்கள். படத்தில் வரும் புள்ளிகளை நீக்கும் வசதி அது; இருந்தால் 4 நொடி எடுத்துவிட்டு இன்னொரு 4 நொடி கேமரா சும்மா கிடக்கும்; அதற்குள் நல்ல வாணம் ரெண்டு போய்விடும்.

அம்பைக்காரி:
புகைக்கு செட்டிங் கிடையாது தம்பி, நிற்கிற இடம்தான். ஆடியில் மேல்காற்று தள்ளிக்கொண்டு வரும். வாணம் விடும் இடத்துக்குக் கிழக்கே நின்றால் புகை முழுக்க உங்கள் மூஞ்சியில்தான். மேற்கே நில்லுங்கள், இல்லையென்றால் தெற்கே. முதல் நாலைந்து வாணத்தைப் படமெடுக்கத் தவறவே தவறாதீர்கள், வானம் சுத்தமாக இருப்பது அப்போது மட்டும்தான்.

அப்புறம், வயக்காட்டில் ஸ்டாண்டு வைக்கப் போகிறீர்கள் என்றால் மூன்று காலுக்கும் அடியில் தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து வையுங்கள், சேற்றில் இறங்காது. நடுத்தண்டில் கேமரா பையைத் தொங்கவிட்டால் காற்றுக்கு ஆடாது. லென்ஸில் கை ஆட்டத்தைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசரை அணையுங்கள்.

கடைசி பெஞ்ச்:
போனில் எடுக்க வழி இல்லையா?

பொருநைக்கரை:
அளவுகளை நாமே மாற்றும் புரோ மோடு இருந்தால் ஐஎஸ்ஓவை ஆகக் குறைந்த அளவில் வைத்து 2 நொடி. போனை எதிலாவது சாய்த்து அசையாமல் வையுங்கள். நைட் மோடு வேண்டாம், அது பல படத்தை ஒட்டிப் பூவைக் குழப்பிவிடும்.

வரப்புக்காரன்:
நேற்றுத்தான் கொடை முடிந்தது. அண்ணாச்சி, பச்சை பச்சையாகவே வந்திருக்கிறது! நெல்லுக்கு மேலே ஒரு பூ, அதன் ஒவ்வொரு இழையும் நுனியில் சிவப்பாக மாறுவது வரை தெரிகிறது. அக்கா, சிரட்டை அசையவே இல்லை. ஆனால் மூன்று வாணம் பிரேமுக்கு மேலே போய்த் தலை வெட்டுப்பட்டது. கடைசியில் மொத்தமாக விட்டார்களே, அது மறுபடியும் வெள்ளை.

பொருநைக்கரை:
கேமராவை நெட்டுக்கு வைத்து, கீழே ஒரு விரற்கடை ஊர் தெரிந்தால் போதும், மீதியை வானத்துக்கு விடுங்கள். கடைசிக் கூட்டுவெடியில் பத்துப் பூ ஒரே இடத்தில் ஒன்றின் மேல் ஒன்று விழும். அதற்கு எஃப் 16, ஒரு நொடி போதும். வெடி வேகம் பிடிக்கும்போதே கேமராவில் அபர்ச்சரை மாற்றிவிட வேண்டும். பூ படத்தைப் போடுங்கள், பார்ப்போம்.