மேட்டுக்காரர் ஒத்துக்கொண்ட கதை

பென்னாகரம் பக்கத்து விவசாயி:

அக்கம்பக்கத்து நிலக்காரர்கள் சேர்ந்து நிலத்தைப் பராமரித்த அனுபவம் இருந்தால் எழுதச் சொல்லியிருந்தீர்கள். எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன்.

எங்களுடையது சரிவான கொல்லை. ராகி, சாமை, கொள்ளு போடுகிற மானாவாரி நிலம். ஒரு பெருமழை அடித்தால் மேலே இருப்பவர் மண் எனக்கு வரும், என் மண் கீழே இருப்பவருக்குப் போகும், கடைசியில் எல்லாம் ஏரியில் படியும். அவரவர் நிலத்தில் அவரவர் வரப்பு போட்டுப் பார்த்தோம். மேட்டிலிருந்து இறங்குகிற தண்ணீரின் வேகத்துக்கு எதுவும் நிற்கவில்லை.

பதினாலு குடும்பம் உட்கார்ந்து பேசினோம். வேலையை உச்சியில்தான் தொடங்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் உச்சிக் கொல்லைக்காரர், எனக்குப் பெரியப்பா முறை, "வரப்பு போட்டா மூணு அடி இடம் எனக்குப் போவுது, பலன் உங்களுக்கு. நான் ஏன்டா தரணும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பதில் சொல்ல முடியாமல் திரும்பிவிட்டோம்.

அந்த ஐப்பசியில் ஒரு ராத்திரி விடாமல் மழை. காலையில் அவரே ஆள் விட்டுக் கூப்பிட்டார். முளைத்திருந்த கொள்ளு மண்ணோடு போய்விட்டது. ஓரத்து வேப்பமரத்தின் வேர் ஒரு சாண் உயரத்துக்கு வெளியே தெரிந்தது. அதைத் தடவிக்கொண்டே, "போன வருஷம் இது மண்ணுக்குள்ள இருந்துச்சுப்பா" என்றார்.

ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். அவர் நிலத்து வரப்பின் மேல் கொழுக்கட்டைப் புல் விதைக்க வேண்டும், அதை அறுக்கிற உரிமை அவருக்கு மட்டும்தான். வீட்டில் இரண்டு கறவை மாடு. சரி என்றோம். இப்படி ஒன்று எங்களுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும்.

வரப்பு ஏற்ற இறக்கமில்லாமல் ஒரே மட்டத்தில் போக, மட்டம் பார்க்க மூங்கில் சட்டம் செய்தோம். இரண்டு கழியை மேலே சேர்த்துக் கட்டி, நடுவில் குறுக்குக் கழி வைத்து, உச்சியிலிருந்து கயிற்றில் கல்லைத் தொங்க விட வேண்டும். கயிறு குறுக்குக் கழியின் நடுக்கோட்டில் நின்றால் இரண்டு காலும் ஒரே மட்டம். அங்கே சுண்ணாம்பு போட்டு, ஒரு காலை ஊன்றி மறுகாலைச் சுழற்றி அடுத்த மட்டம் தேட வேண்டும். அப்படிப் போட்ட கோடு எல்லைக்கல் எதையும் பார்க்காமல் வளைந்து வளைந்து எட்டுப் பேர் பட்டாவுக்குள் புகுந்து போனது. கூலி கிடையாது, மாற்றாள் முறைதான். அந்தக் கோட்டின் மேல் வரப்பு போட்டு முடிக்க மூன்று கோடை பிடித்தது.

காவேரிப்பட்டணம் பக்கத்து மாந்தோப்புக்காரர்:

எங்களுக்குத் தொல்லை ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவருகிற வரத்துக் கால்வாயில். முழுக்க சீமைக்கருவேலம். ஒப்பந்தம் எடுத்தவர் மேலோடு வெட்டிவிட்டுப் போய்விட்டார், அடுத்த மழைக்கு ஒவ்வொரு கட்டையும் புதராகத் துளிர்த்துவிட்டது. வேரோடு பிடுங்கினால்தான் உண்டு. அப்புறம், காயைத் தின்கிற ஆடு மாடு சாணியிலேயே விதையைக் கொண்டுவந்து போட்டுவிடும். அதனால் மாங்காய் பறிப்பு முடிந்ததும் ஆடியில் அவரவர் தோப்பை ஒட்டிய கால்வாயை அவரவர் இறங்கிப் பார்த்து, கன்றாக இருக்கும்போதே பிடுங்கிவிடுகிறோம்.

சொந்த ஊர் அரூர், இருப்பது மெல்போர்ன்:

இப்படி அக்கம்பக்கத்தார் சேர்ந்து நிலத்தைப் பார்த்துக்கொள்வதற்கு இங்கே ஆஸ்திரேலியாவில் லேண்ட்கேர் என்று பெயர். 1986-இல் விக்டோரியா மாநிலத்தில் செயின்ட் ஆர்னாட் பக்கத்து விவசாயிகள் தொடங்கிய குழுதான் முதலாவது. 1989-இல் தேசிய விவசாயிகள் கூட்டமைப்பும் ஒரு சுற்றுச்சூழல் அமைப்பும் கைகோத்துக் கேட்டதால் மத்திய அரசு இதை நாடு முழுக்க எடுத்துச் சென்றது. இங்கே முயல் பெரிய தொல்லை. ஒருவர் மட்டும் வளையை அழித்தால் பக்கத்து நிலத்திலிருந்து திரும்ப வந்துவிடும். தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருந்த மரத்தை வெட்டியதால் நிலத்தடி நீர் மேலேறி உப்புப் பூக்கிற சிக்கலும் அப்படித்தான். மரம் வெட்டியது மேட்டில், உப்பு வந்தது பள்ளத்தில். உங்கள் பெரியப்பா கேட்ட கேள்வியை இங்கேயும் கேட்டிருப்பார்கள். அவர் இன்னும் அந்தப் புல்லை அறுக்கிறாரா?

பென்னாகரம் பக்கத்து விவசாயி:

அறுக்கிறார். போன வருடம் மாடு ஏறி இறங்கி ஓர் இடத்தில் வரப்பு உடைந்தது, அவர்தான் முதலில் மண்வெட்டியோடு நின்றார். கதிரிலிருந்து விதையை உருவிச் சாக்கில் கட்டி வைத்திருக்கிறார். வரப்பில் விதைக்க யாருக்காவது வேண்டுமென்றால் ஆடிக்கு முன் சொல்லுங்கள், வாங்கித் தருகிறேன்.