மூன்று முறை வெடித்த மாட்யூல்: கன்வெர்ட்டரோடு உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்

இரவுஷிப்ட்

எங்கள் காற்றாலை டிஎஃப்ஐஜி மெஷின் (ஜெனரேட்டரின் நிலையான சுருள் நேராக கிரிட்டோடும், சுழலும் ரோட்டார் கன்வெர்ட்டர் வழியாகவும் சேரும் வகை), 2 மெகாவாட். மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றும் கன்வெர்ட்டர் டவர் அடியில். அதன் ரோட்டார் பக்கம் ஒரு ஃபேஸில் ஐஜிபிடி மாட்யூல் (மின்சாரத்தை வேகமாகத் திறந்து மூடும் சிலிக்கான் சுவிட்ச்) வெடித்தது. மாற்றினோம், ஓடியது. மூன்று மாதம் கழித்து அதே கேபினெட், பக்கத்து ஃபேஸ். அதையும் மாற்றினோம். ரிப்போர்ட்டில் இரண்டு தடவையும் 'மாட்யூல் பழுது' என்றுதான் எழுதினேன். வெடித்த மாட்யூலைத் திறந்து பார்த்தால் கரிதான் இருக்கும், அதில் காரணத்தை எங்கே தேடுவது?

மூன்றாவது முறை வெடித்ததும் பாகம் வர இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் காற்றே இல்லை. பொழுது விடியும் நேரத்தில் போய்க் கதவைத் திறந்தேன். டார்ச் அடித்தால் பஸ்பாரின் (மின்சாரம் ஓடும் உலோகத் தகடுகள்) ஓரத்தில், ப்ளஸ் தகடும் மைனஸ் தகடும் நெருங்கி வரும் இடத்தில், வரிசையாக நீர்த்துளிகள். நடுவில் இருப்பது ஒரு மெல்லிய இன்சுலேஷன் தாள்தான். விரலால் தொட்டேன், வழிந்தது. (சப்ளையைப் பிரித்து, அளந்து பார்த்துவிட்டுத்தான் தொட்டேன், திட்ட வராதீர்கள்.)

காற்று வந்ததும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் பிரீசார்ஜ் ஆகி (மெஷின் கிளம்பும் முன் மின்சாரம் நிரம்பி) 1100 வோல்ட் அந்தத் துளிகளின் மேல்தான் ஏறியிருக்க வேண்டும்.

சரி, கேபினெட்டுக்குள் ஈரம் படியாமல் காக்கும் ஹீட்டர் என்ன ஆனது என்று பார்த்தேன். அதன் பிரேக்கர் கீழே, அணைந்த நிலையில் இருந்தது. லாக் புத்தகத்தைப் புரட்டினேன். முதல் மாட்யூலை மாற்றிய அன்று, 'துணை சப்ளை பிரேக்கர்கள் அணைக்கப்பட்டன' என்று என் கையெழுத்தில் ஒரு வரி. திரும்பப் போட்டதாக ஒரு வரியும் இல்லை.

முதல் வெடிப்பின்போது ஹீட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பின்னால் வந்த இரண்டும் என் கணக்கு என்றே வைத்துக்கொள்கிறேன். அந்த முதல் வெடிப்புதான் இன்னும் பிடிபடவில்லை.

ஸ்லிப்

அது வெப்பம் ஏறி இறங்கியதால் வந்ததாக இருக்கும். ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் மெஷினில் நானே கண்ணால் பார்த்தேன்.

ஜெனரேட்டரில் நான்கு காந்தத் துருவம், கிரிட் 50 ஹெர்ட்ஸ், அதாவது சிங்க்ரனஸ் வேகம் (கிரிட்டோடு ஒத்துப்போகும் வேகம்) நிமிடத்துக்கு 1500 சுற்று. அன்று காற்று நடுத்தரமாக, ஆடாமல் அசையாமல் வீசிக்கொண்டிருந்தது. மெஷின் 1490-இலேயே உட்கார்ந்துவிட்டது. லேப்டாப்பில் ரோட்டார் கரண்டைத் திறந்தால் அலையே தெரியவில்லை, நேர்கோடு மாதிரி இருந்தது. திரை உறைந்துவிட்டது என்று நினைத்து ரீஃப்ரெஷ் பண்ணப் போனேன். அப்புறம்தான் கோடு மெதுவாக வளைவது தெரிந்தது. மூன்று வினாடிக்கு ஒரு அலை! ஸ்லிப், அதாவது சிங்க்ரனஸ் வேகத்திலிருந்து விலகல், 0.67 சதவீதம் என்றால் ரோட்டார் அதிர்வெண் 0.33 ஹெர்ட்ஸ், கணக்கு சரியாகத்தான் இருந்தது.

1800-இல் ஓடும்போது அது 10 ஹெர்ட்ஸ். ஒரு ஐஜிபிடி சூடாவதற்குள் சுமை அடுத்ததற்குப் போய்விடும். 1490-இல் ஒரே ஐஜிபிடி ஒன்றரை வினாடி முழுச் சுமையையும் தாங்கிவிட்டு, அடுத்த ஒன்றரை வினாடி ஆறுகிறது. இப்படியே மணிக்கணக்கில். சிலிக்கான் ஒரு அளவு விரியும், மேலே ஒட்டிய அலுமினியக் கம்பி வேறு அளவு விரியும். ஒட்டு விட்டுவிடும். கன்வெர்ட்டரில் கிரிட் பக்கம் இருக்கும் மாட்யூல் எப்போதும் 50 ஹெர்ட்ஸில் ஓடுவதால் அதற்கு இந்தத் தொல்லை கிடையாது. உங்களுக்கு மூன்று தடவையும் ரோட்டார் பக்கம்தானே போனது?

கரிப்பெட்டி

ஸ்லிப், பாடப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது, களத்தில் அப்படி இல்லை. ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தார் காற்றாலைகளில் கெட்டுப்போன மாட்யூல்களைத் திறந்து பார்த்தார்கள். கம்பி ஒட்டு தேய்ந்ததற்கு எதிர்பார்த்த அளவு தடயம் கிடைக்கவில்லை. உலகம் முழுக்க இருந்து தரவு சேர்த்து 2019-இல் விரிவாகவும் எழுதினார்கள். ஈரமும் சுற்றுச்சூழலும்தான் முன்னால் வந்து நின்றன.

கதை கேட்டதால் சொல்கிறேன். எங்கள் கேபினெட் ஒன்றில் பஸ்பாருக்கு அருகே ஒரு பூச்சி கருகிக் கிடந்தது. அவ்வளவுதான் தடயம், மாட்யூலில் ஒரு குறையும் இல்லை. அதற்கப்புறம் கேபிள் நுழையும் ஓட்டைகளை முதலில் பார்க்காமல் நான் எந்தக் கேபினெட்டையும் மூடுவதில்லை.

ஸ்லிப்

நான் பார்த்ததைத்தானே சொன்னேன். எல்லா மாட்யூலும் இப்படித்தான் போகும் என்று எங்கே எழுதினேன்?

உருளை

எல்லோரும் கேபினெட்டுக்குள்ளேயே நிற்கிறீர்கள். கன்வெர்ட்டர் போட்ட கோடு எங்கள் ஜெனரேட்டர் பேரிங்கில் இருந்தது.

சத்தம் வருகிறது என்று கழற்றினோம். வெளி வளையத்தின் உட்புறம் முழுக்க, அம்மியைக் கொத்தி வைத்த மாதிரி, ஒரே இடைவெளியில் சாம்பல் நிறக் கோடுகள். நகத்தை வைத்து இழுத்தால் கரகரவென்று தட்டியது. கிரீஸ் கறுத்துப் போயிருந்தது. ஐஜிபிடி வினாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை திறந்து மூடுவதால் ஷாஃப்டில் மின்னழுத்தம் ஏறுகிறது. அதை வழித்து எர்த்துக்கு அனுப்ப ஒரு சின்ன பிரஷ் உண்டு. அது தேய்ந்து தொடாமலே நின்றுகொண்டிருந்தது. வேறு வழியில்லாத கரண்ட் பேரிங் வழியாகப் பாய்ந்தது. பிரஷ் உள்ளங்கையில் அடங்கும் சாமான். பேரிங்குக்கு கிரேன் வந்தது.

பெருசு

இரவுஷிப்ட் தம்பி 'அளந்துவிட்டுத்தான் தொட்டேன்' என்று ஒரே வரியில் போய்விட்டார். அதை யாரும் கேட்கவில்லை என்பதால் நான் சொல்கிறேன்.

என் கதை சின்னது. சப்ளையைப் பிரித்தபின் ஐந்து நிமிடம் காத்திருக்கச் சொல்லும் ஸ்டிக்கரை நம்பி, இருபது நிமிடம் காத்திருந்து, மீட்டர் வைத்தேன். 640 வோல்ட். கெப்பாசிட்டரில் தங்கும் மின்சாரத்தை வடிக்கும் டிஸ்சார்ஜ் ரெசிஸ்டர் அறுந்து கிடந்தது. அன்றைக்கு மீட்டரை எடுக்க சோம்பல்பட்டிருந்தால் இதை எழுத ஆள் இருந்திருக்காது.

இப்போது கவனியுங்கள். கெப்பாசிட்டர் 10 மில்லிஃபாரட், 1100 வோல்ட் என்றால் உள்ளே கிட்டத்தட்ட 6000 ஜூல். அறுபது கிலோ ஆள் பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். ஸ்டிக்கரில் போட்டிருக்கும் நிமிடம், ரெசிஸ்டர் நன்றாக இருந்தால்தான் பொருந்தும். அது கெட்டிருக்கிறதா என்று ஸ்டிக்கருக்குத் தெரியாது. மீட்டரை முதலில் மின்சாரம் இருக்கும் இடத்தில் வைத்துப் பாருங்கள், அப்புறம் இங்கே வையுங்கள், மறுபடி அங்கே போய் வையுங்கள். நடுவில் மீட்டர் செத்திருந்தாலும் பூஜ்யம்தான் காட்டும். ப்ளஸுக்கும் மைனஸுக்கும் நடுவில் மட்டும் அளந்தால் போதாது, இரண்டிலிருந்தும் எர்த்துக்கும் அளக்க வேண்டும். கெப்பாசிட்டர்கள் சீரிஸில் இருந்தால் ஒவ்வொன்றையும் தனியாக. அளந்த பிறகு ஷார்ட் செய்து எர்த் போடுங்கள், வேலை முடியும் வரை எடுக்காதீர்கள். பெரிய கெப்பாசிட்டரை ஷார்ட் செய்து உடனே எடுத்துவிட்டால் மின்னழுத்தம் தானாகவே கொஞ்சம் மேலே வரும். பேய் கிடையாது, உள்ளே இருக்கும் மின்காப்புப் பொருளின் குணம் அது.

நிரந்தரக் காந்த ஜெனரேட்டர் உள்ள மெஷினில் இன்னொன்று. கிரிட்டைத் துண்டித்தால் போதும் என்று நினைக்காதீர்கள். இறக்கை மெதுவாகச் சுற்றினாலும் ஜெனரேட்டர் மின்சாரம் தரும், காந்தத்தை அணைக்க சுவிட்ச் இல்லை. ரோட்டாரைப் பூட்டு. அப்புறம் கதவைத் திற.

மூன்றாம்சரிவு

எல்லாம் வெடித்த கதையாகவே இருக்கிறதே. எங்களுடையதில் ஒன்றும் வெடிக்கவில்லை, அதுதான் என்னை உறுத்துகிறது. லைனில் அடுத்தடுத்து ஃபால்ட். முதல் மின்னழுத்தச் சரிவை எல்லா மெஷினும் தாங்கின. இரண்டாவதையும் தாங்கின. கன்ட்ரோல் ரூமில் நிம்மதியாகத்தான் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது சரிவில் திரையில் பச்சை எல்லாம் ஒரே நேரத்தில் சிவப்பானது. சாமான் ஒன்றும் கெடவில்லை. இத்தனை நேரத்துக்குள் இத்தனை சரிவுதான், அதற்கு மேல் வந்தால் நின்றுவிடு என்று பாராமீட்டர் பட்டியலில் ஒரு எண். அதில் 2 என்று இருந்தது. அப்படி ஒரு வரி இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

தெற்கு ஆஸ்திரேலியாவில் 2016 செப்டம்பர் 28-இல் மாநிலமே இருட்டானதே, அதிலும் இந்த மாதிரி ஒரு எண் உண்டு. புயலில் மின்லைன் டவர்கள் சாய்ந்து, இரண்டு நிமிடத்துக்குள் ஆறு சரிவு. சில வினாடிகளில் காற்றாலைகளிலிருந்து 456 மெகாவாட் குறைந்தது. அந்தப் பாரம் பக்கத்து மாநிலத்திலிருந்து வரும் மின் இணைப்பின் மேல் விழுந்து, அதுவும் தானாகத் துண்டித்துக்கொண்டது. காற்றாலையே ஆகாது என்று கிளம்பியவர்கள் உண்டு. மாற்ற வேண்டியிருந்தது ஒரு செட்டிங்கை.

கரிப்பெட்டி

அந்த எண்ணை விளையாட்டுக்கா வைத்தார்கள்? ஒவ்வொரு சரிவிலும் மிஞ்சும் மின்சாரத்தை க்ரோபார் ரெசிஸ்டரும் சாப்பர் ரெசிஸ்டரும் சூடாக விழுங்குகின்றன. ஆறுவதற்குள் அடுத்தது வந்தால் எரியும். ரெசிஸ்டர் தாங்குமா என்று பார்க்காமல் எண்ணை மட்டும் ஏற்றினால் இரவுஷிப்ட்டுக்கு நான்காவது வெடிப்பு வரும்.

மூன்றாம்சரிவு

தயாரிப்பாளரிடம் ரெசிஸ்டர் கணக்கை வாங்கிவிட்டுத்தான் ஏற்றினோம்.

இரவுஷிப்ட்

பெருசு, நீங்கள் சொன்னதில் எர்த்துக்கு அளப்பதை நான் அன்று செய்யவில்லை. இனி செய்கிறேன்.

ஸ்லிப், உங்களுக்காக முதல் வெடிப்புக்கு முந்தைய வாரத்தின் பதிவை எடுத்துப் பார்த்தேன். ஜெனரேட்டர் வேகம் பல மணி நேரம் 1510 என்று காட்டுகிறது. பார்த்ததும் கை நடுங்கியது. ஆனால் அது பத்து நிமிடச் சராசரி. 1510-இலேயே நின்றதா, 1400-க்கும் 1620-க்கும் இடையே ஆடிக்கொண்டிருந்ததா என்று அதில் பிரிக்க முடியாது. வினாடிக்கு வினாடி எடுத்த பதிவு கன்வெர்ட்டரின் மெமரியில் இருந்தது. புது மாட்யூல் போட்ட அன்று ஃபால்ட்டை ரீசெட் பண்ணும்போது பழைய பதிவை அழிக்கட்டுமா என்று கேட்டது. ஆம் என்று அழுத்தியதும் நான்தான்.

உங்கள் மெஷினில் அந்தப் பதிவைத் தனியாக எடுத்து வைக்கிறீர்களா? எத்தனை நாளுக்கு?